உள்ளே ஒருத்தன் இருக்கான்

வாசலில் நின்று இருமலையெல்லாம் இருமித் தீர்த்துவிட்டுத்தான் ராஜபாய் ஆய்வகக் கதவைத் தள்ளுவார். வளையல் பைக்குள் போய்விடும். மார்த்தாண்டத்திலிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவர். இங்கே இருபத்திரண்டு வருஷமாகத் தொழில்நுட்ப உதவியாளர். வெற்றிடப் பம்பின் சத்தம் ஒரு நூல் மாறினாலும் அவருக்குத் தெரியும். "இண்ணைக்கு இதுக்கு மேலுக்கு சுகமில்ல" என்பார். தேடினால் எங்காவது ஒரு கசிவு இருக்கும்.

காற்றை உறிஞ்சியெடுத்த எஃகுக் கலனுக்குள் மின்புலம் பிடித்து வைத்திருப்பது இரண்டே அயனிகளை. கால்சியம் ஒளிரும், திரையின் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். அதன் துணையான மூலக்கூறு ஒளிராது. சரியான நிறத்தில் லேசர் பட்டால் மட்டும் மெல்ல ஆடும்; அந்த ஆட்டம் கால்சியத்தைத் தொட்டு அதன் ஒளியை மாற்றும். அந்த நிறத்தைப் பத்து இலக்கம் வரை அளக்க ஆய்வாளர் திவ்யலட்சுமி இரண்டு வருஷமாக முயல்கிறாள். அதற்குள் மிச்சமிருக்கும் வாயு ஏதாவது மோதி, மூலக்கூறு போய்விடும்.

போன புதன்கிழமை அது காலையிலிருந்து பிழைத்திருந்தது. மூன்று மணிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் டிரில்லிங் மெஷின் அலறியது. லேசர் தடுமாறியது. திவ்யலட்சுமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். ராஜபாய் வெறுங்காலோடு வெளியே ஓடினார்.

மேஸ்திரி வேல்சாமி தென்காசிக்காரர். வேலை நின்றால் கான்ட்ராக்டர் ஏசுவார் என்றார்.

"உள்ள ஒருத்தன் இருக்கான், அண்ணாச்சி. கண்ணுக்கே தெரியமாட்டான். ஒரு மணிக்கூர் சத்தம் அனக்கம் இல்லாம இருந்தா போதும், கேட்டோ."

வேல்சாமி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெஷினை நிறுத்தினார்.

நாலே காலுக்கு எண் கிடைத்தது. மூன்று முறை அளந்தும் அதே எண். திவ்யலட்சுமி சிரித்தாள், அழுதாள். ராஜபாய் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோதே வெள்ளைப் புள்ளி நகர்ந்து திரையின் நடுவுக்கு வந்தது. துணையை இழந்த கால்சியம் அப்படித்தான் நடுவில் வந்து நிற்கும்.

வெளியே வேல்சாமியும் ஆட்களும் மணல்குவியலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள இருந்த ஆளு எப்படிம்மா இருக்காரு?"

"போயாச்சு, அண்ணாச்சி. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டுத்தான் போனான்."

 ராஜபாய் மணலில் கிடந்த மெஷின் ஒயரை எடுத்தார். பிளக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்து, தன் கையாலேயே சொருகினார்.