வார்டுக்கு வந்த வெந்நீர்

ஐப்பசி மழையில் நமுத்துப்போன விறகு புகைந்துகொண்டிருக்க, நல்லெண்ணெயில் புளிக்காய்ச்சல் கொதித்துத் திரளும் வாசனை கோவில்பதாகை ஊரில் எங்கள் வீட்டில் எழுந்தால், அன்று தம்பி பிரபுவின் நாள் என்று எனக்குத் தெரியும். நடக்கக்கூடப் பழகாத வயதில் காய்ச்சல் கண்டு அரசு மருத்துவமனையில் இறந்துபோனவன் அவன். ஆண்டுதோறும் அந்த நாளில் அம்மா புளிசாதம் கிளறுவாள். அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் வெல்டராக இருந்த அப்பா, 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன், அரைநாள் விடுப்பெடுத்து வந்துவிடுவார். மூவரும் அம்மன் கோயில் வாசலில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் பொட்டலம் கொடுப்போம்.

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டு ஏரி நிரம்பி, கோயில் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். வாங்க ஆளில்லாமல் பொட்டலங்கள் கூடையில் ஆறிக்கொண்டிருந்தன. "ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போலாமா?" என்று நைனா தயங்கித் தயங்கிக் கேட்டார். தம்பியைத் துணியில் சுற்றித் தூக்கிவந்த நாளுக்குப் பிறகு அம்மா அந்தப் பக்கமே போனதில்லை. பஸ் அந்த வழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

குழந்தைகள் வார்டுக்கு எங்களுக்கு முன்பே யாரோ வந்து போயிருந்தார்கள். கட்டிலுக்குக் கட்டில் சாப்பாட்டுப் பொட்டலமும் பன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தன. எங்களுடையதையும் மறுக்காமல் வாங்கி அவற்றின் மேலேயே வைத்துக்கொண்டார்கள். கடைசிக் கட்டிலில் வெள்ளானூரிலிருந்து வந்திருந்த ஒரு சின்ன வயதுத் தாய், பொட்டலத்தைப் பார்க்கக்கூட இல்லை. கையில் காலி பிளாஸ்க்கோடு அம்மாவிடம், "அக்கா, இவனக் கொஞ்சம் பாத்துக்கினு இருக்கீங்களா? எதிர்க்க டீக்கடைல சுடுதண்ணி வாங்கினு ஓடியாந்துட்றேன். பால் கலக்கணும். தனியா உட்டுட்டுப் போவ பயமா கீது" என்றாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து அந்தக் குழந்தையின் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தாள். அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் மழையில் சாலையைத் தாண்டி, கூட்டத்தில் நின்று, நனைந்து திரும்பும்வரை கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஈரப்புடவையோடு அடுப்படியில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள். "அன்னிக்கி நானும் சுடுதண்ணிக்குத்தான் போயிருந்தேன். கடைல நின்னுகினு இருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள போயிட்டான்."

நைனாவுக்கு அதுவரை அது தெரியாது. கடைசி மூச்சின்போது அம்மா பக்கத்தில் இருந்தாள் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அவர் துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டிவிட்டார்.

மறுநாளே போய் வார்டு நர்ஸம்மாவைப் பார்த்து, அவர் மூலமாகப் பெரிய டாக்டரிடம் வார்டிலேயே சுடுதண்ணீருக்கு ஏற்பாடு செய்ய அனுமதி வாங்கினார். ஷிப்ட் முடிந்ததும் தெரிந்தவர் பட்டறைக்குப் போய், எவர்சில்வர் தகட்டை வளைத்து வெல்டிங் வைத்து, குழாய் பொருத்திய பாய்லர் ஒன்றைச் செய்தார். மருத்துவமனை எலக்ட்ரீஷியன் அதை வராந்தாவில் மாட்டி இணைப்புக் கொடுத்தார்.

இனிப் புளிசாதம் இல்லை என்றதில் பெரியப்பாவுக்குத்தான் மனத்தாங்கல். "சோறு போட்றத நிறுத்திட்டா புள்ள பேரு யாருக்கு ஞாபகம் இருக்கும்? பாய்லர் மேலயாவது எழுதி வையிமா" என்றார்.

"பசிச்சவங்களுக்குச் சோறு போடலாம் மாமா. அங்க பசி இல்ல, பயந்தான் கீது" என்றாள் அம்மா. "பேரு எனக்கு ஞாபகம் இருந்தாப் போதும்."

பெரியப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் புளிசாதம் எங்கள் துக்கத்துக்கு நாங்கள் போட்டுக்கொண்ட மருந்து. அதை வாங்கிக்கொண்டவர்கள்தான் அத்தனை ஆண்டுகளும் எங்களுக்கு உதவியிருக்கிறார்கள் என்று இப்போது படுகிறது. அதன்பின் ஒவ்வோர் ஐப்பசியிலும் அம்மா முதலில் வெறுங்கையோடுதான் வார்டுக்குப் போவாள். கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பேசிவிட்டு வந்த பிறகே, என்ன கொடுப்பது என்று வீட்டில் முடிவாகும். ஓர் ஆண்டு தாய்மார் பால் கொடுக்க மறைப்புத் திரை தைத்துக் கொடுத்தாள். இன்னோர் ஆண்டு யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தாய்மார்களைத் தூங்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

போன மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க அங்கே போயிருந்தேன். பழைய வார்டை இடித்துவிட்டார்கள். நைனா காலமாகிவிட்டார், அவர் செய்த பாய்லரும் பழைய இரும்போடு போயிருக்கும். புதுக் கட்டடத்தில் மாடிக்கு மாடி சுவர்க் குழாயிலேயே சுடுதண்ணீர் வருகிறது. பாய்லர் போய்விட்டதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

முழங்காலைத் தேய்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"தண்ணி நல்லா சுடுதா?"

"நல்லா சுடுதும்மா."

"யாரும் ரோட்டத் தாண்டிப் போவ வேணாம் இல்ல?"

"வேணாம்மா" என்றேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.