காது வேலை செய்கிற நேரம்

என் வேலையில் பாதியை நான் காலால் செய்கிறேன். சொன்னால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் குறிப்புகளை வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது எங்கள் வேலை. மேசைக்கு அடியில், தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு பெடல் இருக்கும். நடுவில் மிதித்தால் டாக்டர் பேசுவார், ஓரத்தில் மிதித்தால் பின்னால் போய் மறுபடி சொல்வார், காலை எடுத்தால் வாயை மூடிக்கொள்வார். நான் நினைத்த மாத்திரத்தில் பேச்சை நிறுத்துகிற ஆண்கள் இந்த உலகத்தில் அவர்கள் மட்டும்தான்.

முன்பு இதே வேலைக்குத் தினமும் சென்னைக்குப் போய்வந்தேன். விடிவதற்கு முன் மின்சார ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. மகளுடைய பள்ளிச் சீருடையைத் துவைக்கும்போது பார்த்திருக்கிறேனே தவிர, அதைப் போட்டுக்கொண்டு அவள் தெருவில் நடந்து போவதைப் பார்த்ததில்லை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொன்ன பிறகுதான் அதெல்லாம் வாய்த்தது. இந்த வேலை போனால் மறுபடியும் சென்னை, மறுபடியும் ரயில். திருத்தணியில் எந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் குறிப்பு எழுதச் சொல்லப் போகிறார்?

அதனால், எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் நேரத்தைக் கணக்கெடுக்கும் மென்பொருள் ஒன்றைப் போடப் போகிறோம் என்று அறிவித்தபோது எனக்கு முதலில் அந்த ரயில்தான் நினைவுக்கு வந்தது. “உண்மையா உழைக்கிறவங்களுக்கு நியாயம் கிடைக்கணும் இல்லையா?” என்று மீட்டிங்கில் மேலாளர் கேட்டார். சிலர் லாகின் செய்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுகிறார்கள், அவர்களுடைய ஃபைல்கள் மற்றவர்கள் தலையில் விழுகின்றன என்றார். அது உண்மைதான். என் தலையிலும் விழுந்திருக்கிறது. ஆகவே அவர் மேல் கோபப்படக்கூட என்னால் முடியவில்லை.

அந்த மென்பொருள் கீபோர்டையும் மவுஸையும் மட்டும் கவனிக்கும். கை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும். ‘வேலை செய்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டு, அறுபதிலிருந்து எண்ணிக்கொண்டு இறங்கும். பூஜ்யத்துக்குள் எதையாவது தொடாவிட்டால் போன நேரமெல்லாம் சும்மா இருந்த நேரம் என்று எழுதிக்கொள்ளும். நடுநடுவே நம்மைக் கேட்காமல் கேமரா ஒரு படமும் எடுக்கும். கால் மிதிப்பது மட்டும் அதற்குத் தெரியாது.

டாக்டர்களில் சிலர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார்கள். சிலர் கார் ஓட்டிக்கொண்டே பேசுவார்கள். அந்த நேரம் பார்த்து மலைக்குப் போகிற வேன் ஒன்று எங்கள் தெருவில் திரும்பும். ஹார்னும் அரோகராவும் ஹெட்போனுக்குள் வந்துவிடும். மருந்தின் அளவைத் தப்பாக அடித்தால் எங்கோ ஒரு மனுஷர் தப்பான அளவை விழுங்குவார். அந்தப் பயத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெடலை மிதித்து மிதித்து அதே இடத்தைக் கேட்பேன். என் வேலையிலேயே கஷ்டமான வேலை அதுதான். மென்பொருள் அதைத்தான் சும்மா என்று எழுதியது. கேட்டும் கேட்காமலும் கிடுகிடுவென்று அடித்துத் தள்ளுகிறவர்களுக்கு வார அறிக்கையில் பச்சை நிறம் விழுந்தது. எனக்குச் சிவப்பு விழுந்தது.

சிவப்பைப் பார்த்ததிலிருந்து நான் நானாக இல்லை. காது கேட்கிறபோது கை சும்மாவேனும் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். எங்கள் வீட்டில் பாத்ரூம் கொல்லைப்பக்கம் இருக்கிறது. போகும்போதே மனசுக்குள் எண்ண ஆரம்பித்து, ஈரக் காலோடு ஓடிவந்து மவுஸைத் தொடுவேன். மகள் வந்து கணக்கில் சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தேன். அவளுக்காகத்தான் வீட்டில் இருக்கிறேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கம்ப்யூட்டர் இருந்தது என் மாமியாரின் அறையில். எங்களுக்கு இரண்டே அறை. நெட் ஒழுங்காகக் கிடைப்பது அந்த அறையின் ஜன்னலோரத்தில் மட்டும்தான். என் நாற்காலிக்குப் பின்னால் அவருடைய கட்டில். ஆர்.கே.பேட்டையில் பிறந்து வளர்ந்தவர், வாய் ஓயவே ஓயாது. ஆனால் நான் ஹெட்போனை மாட்டிவிட்டால் அறையில் ஆள் இருப்பதே தெரியாது. அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

ஒருநாள் நான் ஓடிவந்ததைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

“இன்னாம்மா இப்டி ஓட்றே? வழுக்கி உழுந்தா யாரு பாக்கறது?”

“ஒரு பெட்டி வந்து நிக்கும் அத்தை. உடனே எதையாவது தொடலன்னா சும்மா இருந்தேன்னு எழுதிடும்.”

“அவ்ளோதானா? நீ மெல்லமா பூட்டு வா. அது வந்துச்சுன்னா இந்த எலிய நான் ஆட்டிகினு இருக்கேன்.”

மவுஸ் என்றால் எலி என்று பேத்தி சொல்லிக் கொடுத்திருந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துவிட்டு, ஃபைலை மட்டும் மூடிவைத்துவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு சில வாரங்கள் நிம்மதியாக நடந்தே போய் நடந்தே வந்தேன்.

பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே ஒரு படம். படம் முழுக்க அத்தையின் முகம். நெற்றியில் விபூதி, வாய் கொஞ்சம் திறந்து, திரையை முறைத்துக்கொண்டிருந்தார். உங்கள் இருக்கையில் வேறொரு நபர் இருந்திருக்கிறார், நோயாளிகளின் விவரங்களைப் பாதுகாக்கும் விதியை மீறியிருக்கிறீர்கள், உங்களை வேலையில் வைத்திருப்பதா என்று முடிவுசெய்ய நாளைக் காலை வீடியோவில் விளக்கம் தரவேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

“என் போட்டோவா? நல்லாத்தான் கீது” என்றார் அத்தை, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். “ஏம்மா, என்னால உன் வேல பூடுமா?”

“ஒண்ணும் ஆவாது அத்தை” என்றேன். என் குரலை நானே நம்பவில்லை. அரக்கோணத்தில் கடையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். “எங்கம்மாதானே, இதுல இன்னா தப்பு?” என்று அவர் கேட்டதும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்து பட்டென்று வைத்துவிட்டேன். அன்று ரசத்தில் உப்புப் போட மறந்தேன். யாரும் உப்புக் கேட்காமலே சாப்பிட்டார்கள், அது இன்னும் பயமாக இருந்தது.

காலையில் வீடியோவில் மேலாளரும், ஊழியர் விவகாரம் பார்க்கும் ஒரு அம்மாவும் இருந்தார்கள். மேலாளர் தன் திரையில் என் அறிக்கையையும் அந்தப் படத்தையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தார்.

“யாருங்க மேடம் இவங்க?”

“என் மாமியார் சார்.”

“அவங்க ஏன் உங்க சீட்ல உக்காந்திருக்காங்க? நீங்க எங்க போயிருந்தீங்க?”

அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். என்னைவிட வயதில் சின்னவர் ஒருவரிடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

“பாத்ரூம் போயிருந்தேன்” என்றேன்.

காதெல்லாம் சுட்டது. அவமானம் கொஞ்சம் தாண்டியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. குனிந்து, மேசைக்கு அடியிலிருந்த பெடலைத் தூசியோடு தூக்கி கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். “கையால அடிக்கிறத எண்ணுறீங்க. அதுக்கு முன்னாடி இத மிதிச்சு மிதிச்சு கேக்கறத யாரு எண்ணுறது? கேக்காம அடிச்சா தப்பு வரும். கேட்டா சும்மா இருந்தேன்னு வருது. நான் எத செய்யட்டும், நீங்களே சொல்லுங்க.”

மேலாளர் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, உண்மையாகவே கவனமாகக் கேட்டார். நான் விடாமல் பேசினேன். அப்போது அவர் திரையின் நடுவில், அத்தையின் முகத்துக்கு மேலேயே, அந்தப் பெட்டி வந்து நின்றது. வேலை செய்கிறீர்களா? அவர் பதறிப்போய் மவுஸைத் தேடினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பதற்றம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த அம்மாதான் முதலில் பேசினார். “பெடலையும் கணக்குல சேக்கச் சொல்றோம் மேடம். கேக்கற நேரமும் வேலை நேரம்தான். வெளிய எழுந்து போகணும்னா பிரேக் பட்டன் ஒண்ணு வரும். ஆனா டேட்டா விஷயத்துல விட முடியாதுங்க. வேலை நேரத்துல அந்த ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா நீங்க தொடரலாம்.”

“சரிங்க” என்றேன். அவர் முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன்.

ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால் அத்தை கதவருகே நின்றிருந்தார். நான் பேசியது மட்டும்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

“வேல கீதா?”

“கீது அத்தை.” பிறகு அந்த நிபந்தனையைச் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் நான் எதற்குச் சம்மதித்திருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

“ஆங்” என்றார். கட்டிலிலிருந்து தலையணையை எடுத்து இடுக்கிக்கொண்டார். “சமையக்கட்ல நல்லாத்தான் காத்து வருது. நான் அங்கயே படுத்துக்கறேன்.”

எங்கள் சமையலறையில் மின்விசிறி கிடையாது. கூடத்தில் இருக்கிறது, ஆனால் அங்கே படுத்தால் கதவு வழியாகக் கேமராவில் தெரியும். மேசையைக் கூடத்துக்கு மாற்றுகிறேன் என்று சொல்லி மாற்றியும் பார்த்தேன். அங்கே டாக்டர் பாதி வார்த்தையில் நின்றுபோனார். நெட்காரரிடம் சொல்லியிருக்கிறோம். அவர் வருகிறேன் வருகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது எனக்கு வாராவாரம் பச்சை. தண்ணீர் குடிக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். என் நேரம் முழுக்க என் கணக்கில் ஏறுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நேற்று மத்தியானம் கதவருகே நிழல் தெரிந்தது. அத்தை நிலைப்படிக்கு வெளியே, கேமராவில் விழாதபடி சுவரோடு ஒட்டி நின்று, ஜன்னல் மாடத்தில் இருந்த தன் மாத்திரை டப்பாவைக் காட்டி, உள்ளே வரலாமா என்று கையால் கேட்டார். என் காதில் டாக்டர் ஒருவர் மருந்தின் அளவைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இருங்கள் என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். அத்தை தலையாட்டினார். முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தன்னுடைய அறை வாசலில் நின்று காத்திருந்தார்.