ஓடுகிற பம்பில் கை வைக்காதவர்

சவரிமுத்து இறந்த செய்தி, அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலையில் நாங்கள் காலைக் கூட்டத்தில் இருந்தபோது வந்தது. தொலைபேசியை எடுத்த ஃபோர்மன், "சவரி சார் போயிட்டாருங்க" என்றார். பம்புகளின் பராமரிப்பைப் பார்த்த பொறியாளர் சவரிமுத்து. அதே துறையில் இருக்கும், ஐம்பது வயதான எனக்கு இளையவர். எதிர்பார்த்த செய்திதான், அதனால் எளிதாகிவிடவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய இரும்புக் கம்பி நினைவிருக்கும். ஒரு முனையை ஓடும் பம்பின் பேரிங்கில் வைத்து, மறுமுனையைக் காதில் அழுத்திக் கேட்பார். மனித உடலையும் அவர் இப்படித்தான் அணுகினார். இதயம் பம்ப், இரத்தக் குழாய்கள் பைப்லைன், சிறுநீரகம் வடிகட்டி. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "எல்லா பம்புக்கும் ஸ்டாண்ட்பையா இன்னொண்ணு கேக்குறீங்களே சார், இதயம் மட்டும் ஒண்ணே ஒண்ணு. இந்த டிராயிங்கை எவன் அப்ரூவ் பண்ணான்?" என்றார். அவர் மாதா கோயிலுக்குப் பேர்போன ஏலாக்குறிச்சிக்காரர். "உங்க மாதா கோயில்ல கேளுங்க" என்றேன். "கேட்டுட்டேன். ஃபைல் மேல போயிருக்காம்."

ஒரு மழைக்காலத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நீர் இறைக்கும் பம்ப் ஒன்று நின்றது. ஓடிக்கொண்டிருந்த பக்கத்துப் பம்பிலிருந்து பாகத்தைக் கழற்றி மாட்டச் சொன்னார் மேலாளர். சவரிமுத்து அசையவில்லை. "ஓடுறதுல கை வைக்கக் கூடாதுங்க. ரெண்டும் நின்னுட்டா யாரைக் கேப்பீங்க?" புதிய பாகம் வரும்வரை அந்த ஒற்றைப் பம்பே சுரங்கத்தைக் காத்தது. அதன்பின் அவர் சொல் எங்கள் துறையில் விதியாயிற்று.

பிறகு இரத்த அழுத்தம் அவருடைய சிறுநீரகங்களைக் கெடுத்தது. "ரெண்டு இருந்தும் ஸ்டாண்ட்பை இல்ல சார். சேந்தே ஓடி, சேந்தே போச்சு." குடியிருந்த பெரம்பலூரிலிருந்து டயாலிசிஸுக்காகத் திருச்சிக்குப் பேருந்தில் போய்வந்தார். அதற்காக இடது கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருந்த இடம், தொட்டால் ஓயாமல் அதிரும். அங்கே கம்பியை வைத்து என்னைக் கேட்கச் சொன்னார். "சீரா இருக்கு" என்றேன். "பம்ப் நல்லாத்தான் இருக்கு. ஃபில்டர்தான் அவுட்டு."

மனைவி மோட்சமேரி தன் சிறுநீரகம் ஒன்றைத் தர முன்வந்தார். பரிசோதனையில் அது பொருந்தியது. இவர் மறுத்தார். "அவ நல்லா ஓடிட்டிருக்கா. ஓடுறதுல கை வைக்கிறதா?"

"ஒண்ணு போதும்னு டாக்டரே சொல்றாரு. உங்க விதி இதுக்குப் பொருந்தாது, சவரி" என்றேன். ஒரு விதிக்கு விலக்குக் கேட்டு நான் வாதாடியது அந்த ஒருமுறைதான்.

"விலக்குக்கு யாரு சார் கையெழுத்துப் போடுறது?"

"நான் போடுறேன்" என்றார் மோட்சமேரி அடுப்படியிலிருந்து. "பொண்டாட்டிய பம்புங்கிற ஆளு ஊருலயே நீங்கதான்."

அவர் சிரித்தார், இசையவில்லை. ஓராண்டுக்கும் மேல் கழிந்தபின், மகள் அழுது கேட்டபோதுதான் சம்மதித்தார். மருத்துவர்கள் மறுபடி பரிசோதித்தார்கள். இதயம் தளர்ந்துவிட்டது, அறுவை சிகிச்சையைத் தாங்காது என்றார்கள். அன்று உடன் சென்றிருந்தேன். திரும்பும் பேருந்து பாடாலூரைத் தாண்டியது. அவர் சொன்னார்: "ஃபில்டர் அடைச்சா லோடு பம்புலதான ஏறும். இது எனக்குத் தெரியாதா சார்? ஃபில்டரையே பாத்துக்கிட்டிருந்துட்டேன்."

ஏலாக்குறிச்சியில் அடக்கம் நடந்தது. பெட்டியை மூடுமுன் அவருடைய இடது கையைத் தொட்டேன். அதிர்வு இல்லை என்பது தெரிந்தும் தொட்டேன். மோட்சமேரி அழவில்லை. "ரெண்டும் எனக்குள்ளயே கெடக்கு சார். ஒண்ணு அவருக்குன்னுதான வச்சிருந்தேன்" என்றார்.

அவருடைய கம்பியை மோட்சமேரி என்னிடம் கொடுத்துவிட்டார். அதைக் காதில் வைத்துக் கேட்கிறேன். பம்புகள் யாவும் சீராக ஓடுகின்றன. அவருடைய விதியும் என்னிடம் இருக்கிறது. ஆலைக்குள் அதை ஒருவரும் மீற நான் விடுவதில்லை. ஆலை வாசலைக் கடந்தபின் அதை யாரிடமும் சொல்வதில்லை.