லேகியம் தின்ற கணவன்மார்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா, அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல வந்த சர்ச் உபதேசியார், பிரிக்ஃபீல்ட்ஸ் கோயில் தலைவர், மஸ்ஜித் இந்தியா பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த பாய், கதவை மறித்து நின்ற நர்ஸ் மிஸ்ஸி, நான். துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காய்ச்சலோடு என் மனைவி, பிறந்து மூன்று நாளான எங்கள் மகள். மொத்தம் எட்டு பேர். மேசைமேல் வாழையிலைத் துண்டில் ஒரு கறுப்பு உருண்டை.

அதைக் கொண்டுவந்தது நான்தான். அந்த நாளில் நம் பெண்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்வார்கள், தங்க மாட்டார்கள். ரொட்டியும் பாலும் சூப்பும்தான் அங்கே சாப்பாடு, பத்தியம் கிடையாது. மூன்றாம் நாளே மாட்டு வண்டி வந்துவிடும். ரயில்வே பட்டறையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவரின் மனைவி அப்படித்தான் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனாள். ஒரு வாரம் தாங்கவில்லை. என் மனைவிக்கும் இரண்டாம் நாள் மாலை உடம்பு கொதித்தது. பத்து நாள் அசையாமல் படுத்திருந்தால் பிழைப்பாள், வண்டியில் ஏற்றினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். இவளோ, "லேகியம் இல்லாம இங்க படுத்திருக்க மாட்டேன். வண்டி புடிங்க" என்றாள்.

எனக்கு இருவரிடமும் பயம். பாய் கடையில் சுக்கு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி வாங்கி, பக்கத்து வீட்டு அக்காவைக் கிண்டித் தரச்சொல்லி, குழந்தைத் துணி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன். மிஸ்ஸி மூட்டையைப் பிரித்தார். கறுப்பாக, பிசுபிசுவென்று, இலையில் சுற்றியது. சண்டு, அதாவது அபின், என்றே நினைத்துவிட்டார். போலீசைக் கூப்பிடுவேன் என்றார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பயந்தால் தெரிந்த பேச்சும் வராது. உனக்குச் சாட்சி யாராவது உண்டா என்று உபதேசியார் கேட்டதும் ஓடிப்போய்க் கோயில் தலைவரையும் பாயையும் கூட்டிவந்தேன்.

தலைவர் உருண்டையைப் பற்றிப் பேசவே இல்லை. மாட்டு எலும்பு சூப் கொதிக்கிற அடுப்பில் எங்கள் பெண்களுக்கு எப்படி ஆக்கிப் போடுவீர்கள் என்று ஆரம்பித்தார்.

"அப்ப பிரசவத்தையும் கோயில்லயே பாத்துக்கங்களேன், ஐயா" என்றார் உபதேசியார்.

டாக்டரம்மா என்னவென்று கேட்டதற்கு, மழை வரும்போல இருக்கிறது என்று உபதேசியார் மாற்றிச் சொன்னாராம். அதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

பாய்தான் விஷயத்துக்கு வந்தார். "சண்டு தின்னா தூக்கம் வரும். இதத் தின்னா வர்ற தூக்கமும் போயிரும், அவ்வளவு காரம். என் கடைச் சரக்கு லா இது."

அப்படியானால் யாராவது தின்று காட்டுங்கள் என்றார் டாக்டரம்மா. பிள்ளை பெற்றவளுக்கு உள்ளதை ஆம்பிளை தொடக்கூடாது என்று தலைவர் ஒதுங்கிக்கொண்டார். "கட்டுனவன் திங்கட்டும்" என்றார் பாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாதி உருண்டையைப் பிட்டு வாயில் போட்டேன். டாக்டரம்மா கடிகாரத்தை மேசையில் வைத்து அரைமணி நேரம் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வியர்த்தது, விக்கல் எடுத்தது, தூக்கம் வரவில்லை.

தடுப்புக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "பாதியத் தின்னுட்டாரா? எனக்கு மிச்சம் வைங்க."

அங்கேயே பேசி முடித்தார்கள். பத்து நாளுக்கு முன்னால் எந்தப் பெண்ணும் போகக்கூடாது. ஆஸ்பத்திரிப் பின்புறம் சர்ச் இடம் கொடுக்கும். கோயில் பலகையும் அத்தாப்பு ஓலையும் போட்டுக் கொட்டகை கட்டி, பத்தியம் சமைக்க ஓர் ஆளும் வைக்கும். சரக்கு பாய் கொடுப்பார். சூப் சட்டி ஆஸ்பத்திரிக் கிணற்றைத் தாண்டிக் கொட்டகைப் பக்கம் வராது. லேகியம் கொண்டுவந்தால் மிஸ்ஸி முன்னால் கணவன் முதலில் தின்ன வேண்டும். இதையெல்லாம் இங்கிலீஷில் எழுதினார்கள். அதில் போலீஸ் என்று ஏதும் இருக்கிறதா என்று உபதேசியாரிடம் மூன்று தடவை கேட்டேன்.

"ஒங்க பேரே இதுல இல்ல, தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு வருடக்கணக்காகப் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆண்கள் அந்த வாசலில் நின்று முகத்தைச் சுளித்தபடி பிரசவ லேகியம் தின்றார்கள். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்த ஒருவர், சளிக்கு நல்லது என்று இன்னொரு உருண்டை கேட்டார்.

என் மனைவிக்கு ஆறாம் நாள் காய்ச்சல் விட்டது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பன்னிரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்று நாளைக்கு முன்பணம் கட்டியிருந்தேன். மீதி ஒன்பது நாளைக்கு அரை வெள்ளி வீதம் நாலரை வெள்ளி. சம்பளத்தன்று இரண்டு வெள்ளி கட்டினேன். மிச்சத்தை எடுத்துப்போனபோது கொட்டகை ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் காசுக்கு அத்தாப்பு வாங்கிப் போடு என்றார் டாக்டரம்மா. போட்டேன். ஆனால் கணக்குப் புத்தகத்தில் அவர் என் பாக்கியைக் கோடு போட்டு அடித்ததை நான் பார்க்கவில்லை. பிறகு அவர் கப்பலேறிவிட்டார். அடுத்து வந்தவரிடம் போய்க் கேட்டேன். புத்தகம் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டது என்கிறாள் என் மனைவி, வெற்றிலை மென்றுகொண்டே. என் கணக்கில் இன்னும் இரண்டரை வெள்ளி பாக்கி.