ஏழில் ஒரு கிண்ணம்

எங்கள் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைக் கிண்ணம் இருக்கிறது. காலையில் அதில் தண்ணீர் நிரப்புவேன், பொழுதுபட்டதும் பூக்கன்றுக்கு ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைப்பேன். “புத்தற்றை சாமானை ஏன் வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறீர்?” என்று என் கணவர் முதலில் முகம் சுளித்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அது திபெத்து அக்காவுடையது. புலம்பெயர்ந்து வந்த ஷாஃப்ஹவுசன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பல வருடம் சேர்ந்து மரக்கறி வெட்டினோம். இருவருக்கும் உடைந்த ஜெர்மன்தான். அதிலேயே ஊர்க்கதை எல்லாம் கதைத்தோம். அவர் வீட்டில் புத்தர் சிலையையும் முன்னால் ஏழு தண்ணீர்க் கிண்ணங்களையும் முதன்முதல் கண்டபோது உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரில் ஆமி முகாம் போட்ட இடங்களில் அரசமரத்தடியில் புத்தரும் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒளிக்காமல் சொன்னேன். அக்கா கோபிக்கவில்லை. அவருடைய ஊரில் ஆமி வந்துதான் புத்தரை உடைத்ததாம்.

ஆதியில் புத்தர் அப்படி வரவில்லை என்பார் அக்கா. வியாபாரிகளின் கப்பலிலும், துறவிகளோடு நடந்தும் ஊர் ஊராகப் போனவர், பனிமலை தாண்டித் தங்களிடம் பிந்தித்தான் வந்தார், எங்களிடம் எவ்வளவோ முந்தி வந்திருப்பார் என்றார். அப்போதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கந்தரோடை ஞாபகம் வந்தது. பனைகளுக்கு நடுவே, கவிழ்த்த கிண்ணங்கள் போல வட்ட வட்டமான கல்மேடுகள். தமிழரும் ஒரு காலம் அங்கே புத்தரைக் கும்பிட்டவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். சொன்னதும் அக்கா மரக்கறி வெட்டிய கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தன் ஊருக்கு இனிப் போகமுடியாது, அங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்று ஒவ்வொரு கோடையும் கேட்டார். போக ஆயத்தமான வருடம் அவருக்குப் புற்றுநோய். நீயாவது போய்க் கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா என்றார்.

போனேன். மேடுகளுக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு போத்தல் அள்ளி, சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா கிண்ணத்தைப் பிடிக்க, நான் ஊற்றினேன். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பொய் வாயில் வரவில்லை.

“வாசல்லை ஆமிக்காரன் நிக்கிறான், அக்கா.”

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்கடை ஊரிலையும் நிக்கிறான். நீ உள்ளுக்குப் போனனிதானே?”

“ஓம், போனனான்.”

அக்கா கிண்ணத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த மாதமே போய்விட்டார். மற்ற ஆறையும் வைத்துக்கொண்டு இதை அக்காவின் மகள் எனக்குத் தந்தாள். இப்போது ஊற்றுவது குழாய்த் தண்ணீர்தான். விளிம்புக்குக் கீழே ஒரு நெல்மணி அளவு இடம் விடவேண்டும் என்பது அக்காவின் கணக்கு. கொஞ்சம் கூடினாலும் என் கையில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக்கு மனம் கிடந்து ஏங்குகிறது. இன்று காலையும் விளிம்பு முட்ட ஊற்றிவிட்டு நின்றேன்.