பச்சையாகவே இருந்த திரை

எங்கள் முதலாளிக்கு மீன் வைக்கும் மூன்று குளிரறைகள். ஒன்று திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, நான் வேலை செய்யும் கந்தோருக்குப் பின்னால். மற்றது மூதூரில். மூன்றாவது இலங்கைத்துறையில், தோணிகள் கரையேறும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி. அவர் கிண்ணியாக்காரர். ஹஜ் போய் வந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் ஹாஜியார். எனக்கும் அப்படித்தான். மூன்று இடத்திலும் மின்சாரமும் இயந்திரங்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

ஒருநாள் போனை நீட்டியபடி என் மேசைக்கு வந்தார்.

"மகள், மூண்டு ரூமிலயும் எவ்வளவு குளிர் இரிக்கெண்டு இதுக்குள்ளயே பாக்கலாமாம். கொழும்பில எல்லாரும் போடுறாங்களாம். நல்லதா ஒண்டப் பாத்து எடுங்க. நீங்க படிச்ச ஆள்தானே."

சந்தோஷமாகத்தான் தொடங்கினேன். அறைக்குள் ஒரு சென்சர், அது அளப்பதை இணையத்தில் அனுப்ப ஒரு சின்னப் பெட்டி, வருவதை வாங்கித் திரையில் காட்டவும் ஆபத்தென்றால் செய்தி அனுப்பவும் ஒரு தளம். பொருட்களின் இணையம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். சென்சரும் பெட்டியும் எங்கும் கிடைக்கும். எந்தத் தளம் என்பதில்தான் என் நிம்மதி போனது.

தளங்களை ஒப்பிடும் கட்டுரைகள் இணையத்தில் குவிந்து கிடந்தன. விழுந்து விழுந்து வாசித்தேன். கொஞ்ச நாளில் ஒன்று விளங்கியது: ஒவ்வொரு கட்டுரையையும் ஏதோ ஒரு தளத்தை விற்பவர்களே எழுதியிருந்தார்கள். எல்லாவற்றிலும் எழுதியவரின் தளமே முதலாவது. சந்தை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று முதல் பந்தியில் கொண்டாட்டம். சிக்னல் போனால் என்ன நடக்கும் என்று கடைசிப் பந்தி வரை ஒரு சொல் இல்லை. விலை கேட்டால், எங்களோடு பேசுங்கள் என்றார்கள். பேசினேன். வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்த ஒருவர் சிரித்த முகத்தோடு, எத்தனை ஆயிரம் கருவிகள் என்று கேட்டார். மூன்று அறைகள் என்றேன். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவர் என் மின்னஞ்சல் எதற்கும் பதில் போடவில்லை.

கடைசியில் மூன்று மிஞ்சின. ஒன்று உலகம் முழுதும் ஓடும் பெரிய தளம். ஒரு மீன் அறையின் குளிரைப் பார்க்க, ஒரு விமான நிலையத்தை நடத்தப் படிக்கவேண்டும் போலிருந்தது. இன்னொன்று யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் கணினியிலேயே ஓட்டக்கூடியது. பழுதானால் கேட்க ஆளில்லை, நாமேதான் பார்க்கவேண்டும். மூன்றாவது கொழும்பு நிறுவனம் ஒன்றுடையது. பெட்டியும் அவர்களுடையது, தளமும் அவர்களுடையது. தமிழில் செய்தி வரும் என்றார்கள். நான் இலவசத் தளத்தின் பக்கம் சாய்ந்திருந்தேன். ஆனால் கொழும்பு நிறுவனத்தின் விற்பனையாளர் நேரில் வந்துவிட்டார். நன்றாகத் தமிழ் கதைக்கும், பழகுவதற்கு இனிமையான மனிதர். ஹாஜியார் வீட்டில் சாப்பிட்டு எழும்புவதற்குள் அலுவல் முடிந்துவிட்டது.

"ஒரு ஆள் முகம் தெரிஞ்சவனா இரிக்கிறது நல்லம் மகள்," என்றார் ஹாஜியார்.

பொருத்தினோம். வேலை செய்தது. மூன்று அறைகளும் திரையில் மூன்று பச்சைக் கட்டங்களாக நின்றன. சூடு ஏறினால் கட்டம் சிவக்கும், போனுக்குச் செய்தி வரும். ஹாஜியார் கலியாண வீடுகளில்கூட போனை எடுத்துக் காட்டினார். இலங்கைத்துறை அறைக்குப் பொறுப்பாக இருக்கும் அக்காவிடம் விற்பனையாளர் என் முன்னால்தான் சொன்னார்: "இனி நீங்க கதவைத் திறந்து திறந்து பார்க்கத் தேவையில்லை. திறந்தா குளிர்தான் வீணாகும். மெசேஜ் வரல்லன்னா எல்லாம் சரின்னு அர்த்தம்."

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அந்த அக்கா போன் எடுத்தார்.

"மிஸ், லொறிக்கு மீன் எடுப்பமெண்டு கதவைத் திறந்தனான். உள்ளுக்கு நிக்க ஏலாமக் கிடக்கு. எல்லாம் நாறிப்போச்சு."

கணினியைப் பார்த்தேன். இலங்கைத்துறை பச்சையாக இருந்தது. குளிரும் சரியாக, எங்களுக்கு வேண்டிய அளவிலேயே இருந்தது.

"அக்கா, வடிவாப் பாத்தனீங்களே? இங்க நல்லாத்தானே காட்டுது."

"நான் மூக்கால சொல்லுறன் மிஸ். நீங்கள் வாங்கோ."

நானும் ஹாஜியாரும் போனோம். உள்ளே அறுக்குளா, பாரை மீன்கள் உருகிய ஐஸ் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். காரணத்தைக் கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. அறைக்குப் போகும் மின்சாரத்தை ட்ரிப் சுவிட்ச் தானாக வெட்டியிருந்தது. குளிரூட்டும் இயந்திரம் நின்றுவிட்டது. இணையம் தரும் றூட்டரும் அதே இணைப்பில்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து செத்துவிட்டது. கெட்ட செய்தியை அனுப்பவேண்டியதே முதலில் வாயை மூடிவிட்டது. தளம் என்ன செய்தது? கடைசியாக வந்த அளவையே, அது எப்போது வந்தது என்று சொல்லாமல், பச்சையில் காட்டிக்கொண்டே இருந்தது.

அங்கே நின்றே விற்பனையாளருக்கு அழைத்தேன்.

"மிஸ், அது சிஸ்டத்தில பிழையில்ல," என்றார். "கனெக்‌ஷன் இல்லாட்டி அறிவிக்கிற வசதி அடுத்த பேக்கேஜிலதான் இருக்கு. நீங்க எடுத்தது அடிப்படை."

"அப்ப அடிப்படையில என்ன இருக்கு?"

"எல்லாம் சரியா இருக்கிறப்ப நல்லா வேலை செய்யும் மிஸ்."

ஹாஜியார் போனை என்னிடமிருந்து வாங்கினார். கத்துவார் என்று நினைத்தேன். "தம்பி, அப்ப அந்தப் பச்சை என்னத்துக்கு?" என்று மட்டும் கேட்டார். போனைத் திருப்பித் தந்துவிட்டு, மண்வெட்டி தேடிப் போனார். ஆட்களைப் பிடித்து, பனைகளுக்குப் பின்னால் மணலில் குழி வெட்டி, மீன் முழுவதையும் புதைத்தோம். காகங்கள் எங்கள் தலைக்கு மேலேயே நின்றன. திரும்பி வரும்போது வாகனத்தில் ஹாஜியார் லொறிக்காரருக்கு அழைத்து, இன்று மீன் இல்லை என்றார். என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தத் தளத்தை விட்டு வெளியேறலாம் என்று பார்த்தால் அதுவும் ஏலாது. பெட்டிகள் அந்த நிறுவனத்தின் தளத்தோடு மட்டுமே பேசும்படி பூட்டப்பட்டிருந்தன. திறக்கும் வழியைக் கேட்டு எழுதினேன். நாங்கள் இப்போது வெளிநாட்டு நிறுவனம் ஒன்றோடு இணைந்துவிட்டோம், பழைய வாடிக்கையாளர்கள் புதிய தளத்துக்கு மாறவேண்டும், வளரும் சந்தையில் எங்களோடு சேர்ந்து வளருங்கள் என்று பதில் வந்தது. நான் கேட்டதற்கு அதில் ஒரு வரி பதிலும் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பெட்டிகள் இன்று என் மேசைக்குக் கீழே ஒரு பையில் கிடக்கின்றன.

வேறு பெட்டிகள் எடுத்து, அந்த இலவசத் தளத்தைக் கந்தோர்க் கணினியில் நானே போட்டேன். கேட்க ஆளில்லாததால் படித்துப் படித்து, பிழை விட்டு, திருப்பிப் போட்டு, மாதக்கணக்கில் மண்டை காய்ந்தது. ஆனால் இப்போது ஒரு அறையிலிருந்து அளவு வராமல் நின்றால் கட்டம் கறுக்கும், எனக்கு அழைப்பு வரும். றூட்டர்களுக்குத் தனி மின்கலம் வைத்தேன். அக்கா என்ன இருந்தாலும் காலையில் கதவைத் திறந்து பார்த்துவிடுவார். நான் தடுக்கவில்லை.

இதற்குள் ஹாஜியாருடைய மச்சான் குறிஞ்சாக்கேணியில் இறால் பண்ணைக்கு அதே நிறுவனத்தின் புதிய தளத்தைப் போட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவருக்குச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. போனேன். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, பெருமையோடு போனைக் காட்டினார். தண்ணீரின் சூடு, உப்பு, எல்லாம் பச்சை.

"ஒருக்கா றூட்டரை நிப்பாட்டிப் பாப்பமா?" என்று கேட்டேன். சம்மதித்தார். நிறுத்தினேன். இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். தேத்தண்ணி ஆறியது. எதுவும் மாறவில்லை.

"பாத்தீங்களா நானா?" என்றேன். அண்ணன் முறையில் அவரை நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"அது நீங்க வேணுமெண்டு நிப்பாட்டினதாலதானே மகள்," என்றார் அவர், எனக்காக இரங்குவது போல. "நிசத்தில ஆரு வந்து நிப்பாட்டப் போறாங்க?"

நான் எழும்பிப் போய் றூட்டரைத் திரும்பப் போட்டுவிட்டு வந்தேன்.