அப்பாவின் இலைக்குப் பக்கத்து இலை

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் உணவு உண்டுவிட்டால் சம்பந்தம் உறுதியாயிற்று என்று பொருள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். என் அத்தையின் பொருட்டு அப்பா திண்டுக்கல்லிலிருந்து குஜிலியம்பாறைக்குக் கை நனைக்கச் சென்ற நாளில், அவருடைய இலையில் விழுந்தவற்றுள் பெரும்பகுதியை உண்டவள் நான்.

அப்பாவின் சிறுநீரகங்கள் பழுதடைந்து வருவதை மருத்துவர் கண்டறிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கவனியாமல் விட்ட இரத்தக் கொதிப்பும், முதுகுவலிக்காக மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கிய மாத்திரைகளும் சேர்ந்து செய்த வேலை அது. இழந்ததை மீட்க இயலாது, எஞ்சியதைக் காக்கலாம் என்றார் மருத்துவர். கொதிப்பு மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தொடக் கூடாது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்திருந்ததால் வாழைப்பழமும் இளநீரும் ஆகா. எளிய விதிகள்தாம், பிறர் வீட்டு விருந்துக்குப் போகாதவரை.

பெண்ணின் அண்ணனுக்கு இப்படியொரு நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துபோகும் என்று அப்பா அஞ்சினார். தாய் தந்தையர் இல்லாத தங்கைக்கு அவர்தாம் எல்லாம். எனவே எவரிடமும் நோயைச் சொல்லாமல், போன இடமெல்லாம் வைத்ததை உண்டு, மறுநாள் வீங்கிய கால்களோடு எழுவார்.

“சொல்லிட்டே போங்கண்ணே. வேண்டாம்னா போகட்டும்” என்று அத்தை மன்றாடினாள்.

“கல்யாணப் பொண்ணு மாதிரி பேசு” என்று அப்பா அவள் வாயை அடைத்தார்.

குஜிலியம்பாறைப் பந்தியில் அம்மா என்னை அப்பாவுக்குப் பக்கத்தில் அமர்த்தி, “அப்பா தள்ளி வைக்கிறதையெல்லாம் தின்னுரணும். ஏன்னு கேக்கக் கூடாது” என்று காதில் ஓதிவிட்டு அடுக்களைப் பக்கம் போனாள். இத்தகைய ஆணைக்கு எட்டு வயதுப் பெண் எவளும் விளக்கம் கேட்கமாட்டாள்.

முதல் அப்பளம் என் இலைக்கு வந்தது. மாங்காய் ஊறுகாய் வந்தது. சிறுமலை வாழைப்பழம் தோலுரித்தபடியே வந்தது. எல்லாம் செம்மையாக நடந்தது, மாப்பிள்ளையின் தாயார் அப்பாவின் வெறும் இலையைக் காணும்வரை.

“தம்பிக்கு அப்பளம்னா உசுரு போல! கூச்சப்படாமக் கேளுங்க தம்பி” என்று அவர் இன்னும் இரண்டை வைத்தார். நாங்கள் எவ்வளவு விரைந்து ஒழித்தோமோ அவ்வளவு விரைந்து அவர் மீண்டும் வந்தார். அவர் வைக்க, அப்பா தள்ள, நான் விழுங்க, பாவாடை நாடா என் வயிற்றை இறுக்கிற்று. கடைசியாக, சீவிய இளநீர் ஒன்றை அப்பாவின் கையிலேயே கொடுத்து, “நான் பாக்க ஒரு வாய் குடிங்க” என்று எதிரில் நின்றார்.

இளநீரை இலை மாற்ற இயலாது. அப்பா அதை மெல்ல வாயருகே கொண்டுபோனார். மீதி எனக்கே வரும் என்று நான் நடுங்கிப்போனேன்.

“எனக்கு வயித்துல இடமில்லப்பா!” என்று அலறினேன். “பாட்டி, எங்கப்பாவுக்கு எளநி ஆகாது, உப்பும் ஆகாது. கிட்னி கெட்டுப்போச்சு. நீங்க வச்சதெல்லாம் நாந்தேன் தின்னேன்!”

வீட்டில் அப்பாவுக்குக் குழம்பு தனியே ஆக்கப்படுவதை நான் அறிவேன். அது மறைக்க வேண்டிய செய்தி என்பதை மட்டும் எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

அப்பா இளநீரைக் கீழே வைத்தார். “தங்கச்சிக்கு ஒண்ணுமில்லம்மா… எனக்கு மட்டுந்தேன்” என்றார், இலையைப் பார்த்தபடியே.

அந்த அம்மாள் எங்கள் இருவர் இலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏந்தம்பி, வாயத் தொறந்து சொன்னா என்ன? இந்தப் பச்சப்புள்ள வயித்த வெடிக்க வச்சிருப்பேனே! நோவு இல்லாத வீடு எங்கிட்டு இருக்கு? எந்திரிக்காதீங்க, செத்த இருங்க.”

கொல்லைப் பந்தலிலிருந்து சுரைக்காய் வந்தது. சற்று நேரத்தில் புதிய இலையில் வெறுஞ்சோறும், உப்பிடாமல் வதக்கிய சுரைக்காயும் விழுந்தன. அப்பா அவ்வளவையும் தாமே உண்டார்.

இன்று அவர் அறுபதை நெருங்குகிறார். சிறுநீரகங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மருத்துவர் அஞ்சிய வேகத்தில் தேயவுமில்லை. எந்த விருந்திலும் தமக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். தாம் சோதனைக்குப் போகும்போது என்னையும் அழைத்துச் சென்று, என் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதிக்கச் செய்கிறார்.

கை நனைத்த அன்று மாலை நாங்கள் வீடு திரும்பியபோது அத்தை வாயிலிலேயே நின்றாள். சம்பந்தம் உறுதியான செய்தியை அம்மா சொல்லத் தொடங்கியதும், அதைக் காதில் வாங்காமல் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணன் என்னடி சாப்பிட்டாரு?”

“உப்பில்லாத சுரைக்கா. அந்தப் பாட்டிதான் ஆக்கிப் போட்டாங்க.”

அத்தை அப்படியே படியில் அமர்ந்து என்னைக் கட்டிக்கொண்டு விம்மினாள். தான் வாழப்போகும் வீட்டில் விருந்துக்குச் சுரைக்காய்தானா கிடைத்தது என்று வருந்துகிறாள் போலும் என எண்ணி, நான் அவள் கண்ணீரைத் துடைத்தேன்.

“அழாத அத்தை. அப்பளமெல்லாம் அம்புட்டு இருந்துச்சு.”